ஞாபகப்படுத்துவதற்கு யார் காசு கொடுப்பது? (சிவகாசி காலண்டரும், பேசினால் எழுதிக்கொள்ளும் பட்டியலும்)

ஆடிப்பெருக்கு என்றால் காவிரிக் கரை ஊர்களில் கலந்த சாதம் கட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போவார்கள். சிவகாசியில் அன்றைக்கு வேறு வேலை. அச்சகங்களில் பூஜை போட்டு அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவார்கள். அப்போது ஆகஸ்ட் முதல் வாரம்தான் ஆகியிருக்கும். நடப்பு வருடமே இன்னும் ஐந்து மாதம் பாக்கி. ஆனால் சிவகாசியின் கணக்கில் புது வருடம் அன்றே பிறந்துவிடும்.

ஆல்பம் என்பது மாதிரிகளின் புத்தகம். பிள்ளையார், முருகன், மகாலட்சுமி, மாதா, மெக்கா, காமராஜர், சிரிக்கிற குழந்தை, அருவி என்று படங்கள். எந்தப் படம், எந்த அளவு, எவ்வளவு எடுத்தால் என்ன விலை என்பதெல்லாம் பேசி முடிக்கலாம். ஏஜென்ட்டுகள் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். எந்த மாதிரியை எடுத்துப் பார்த்தாலும் ஓரிடத்தில் மட்டும் ஒன்றும் அச்சடிக்காமல் காலியாக விட்டிருக்கும். ஆர்டர் கொடுக்கிற நகைக்கடை, ஜவுளிக்கடை, நிதி நிறுவனம், அரிசி மண்டி ஆகியவற்றின் பெயரும் போன் நம்பரும் அங்கே வரும்.

இந்தக் கட்டுரை உண்மையில் செல்போனில் பேசினால் எழுதிவைத்துக்கொண்டு நேரத்துக்கு ஞாபகப்படுத்துகிற 'டு-டூ லிஸ்ட்' சேவைகளின் கதை. காசு வாங்கிக்கொண்டு அப்படி ஒன்றை நடத்த முயன்றவர்கள் என்ன ஆனார்கள் என்பது பற்றியது. அதற்கு எதற்காகச் சிவகாசியில் ஆரம்பிக்க வேண்டும் என்று கேட்கலாம். ஞாபகப்படுத்துவதை ஒரு சரக்காகச் செய்து, லட்சக்கணக்கில் விற்று, பல தலைமுறை பிழைத்த ஊர் அதுதான். சியாட்டில்காரர்களுக்குக் கடைசிவரை பிடிபடாத ஒரு கணக்கு இந்த ஊரில் ஏஜென்ட்டுகளுக்கே தெரியும்.

முதலில் அந்தத் தினசரி காலண்டரையே பார்க்கலாம். தேதி, கிழமை, தமிழ் மாதத் தேதி, நட்சத்திரம், திதி, ராகு காலம், எமகண்டம், குளிகை, நல்ல நேரம், சூலம், சந்திராஷ்டமம், ராசி பலன். உள்ளங்கை அளவுத் தாளில் ஒரு நாளைக்கு என்ன செய்யலாம், எப்போது செய்யக்கூடாது என்பது மொத்தமும் அடங்கிவிடும். இது அச்சகம் தருவது. வீட்டுக்காரர்கள் பேனாவால் சேர்ப்பது தனி. பால் வராத நாளுக்கு ஒரு பெருக்கல் குறி, கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதி, சீட்டுப் பணம் கட்ட வேண்டிய நாள், தலைக்குக் குளித்த நாள், சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பு. கிழித்த தாளும் வீணாவதில்லை. அதன் பின்பக்கம் மளிகைச் சாமான் பட்டியல் எழுதப் போகும். ஆணியில் தொங்குகிற இதைவிட முழுமையான டு-டூ லிஸ்ட் இன்னும் வரவில்லை என்றே சொல்லலாம்.

இதை வீட்டில் மாட்டியிருப்பவர்களில் எத்தனை பேர் காசு கொடுத்து வாங்கினார்கள்? டிசம்பர் கடைசியில் பிளாட்பாரத்தில் வாங்குகிறவர்கள் உண்டு, இல்லாமல் இல்லை. ஆனால் பெரும்பாலான வீட்டுக் காலண்டர் கடைக்காரர் கொடுத்தது. வாடிக்கையாக நகை எடுக்கிற கடையில் "காலண்டர் போட்டாச்சா?" என்று உரிமையோடு கேட்டு வாங்கி வந்தது. பயன்படுத்துகிறவர் ஒருவர், பணம் கட்டுகிறவர் இன்னொருவர். கடைக்காரர் தன் பேரேட்டில் இதை விளம்பரச் செலவு என்று எழுதிக்கொள்வார். வருடத்தில் 365 நாளும் ஒரு குடும்பம் தினமும் காலையில் அவர் கடைப் பெயரைப் பார்த்துக்கொண்டே தாளைக் கிழிக்கும். டி.வி. விளம்பரத்தில் இந்த விலைக்கு இது கிடைக்குமா?

சிவகாசிக்கு இந்தத் தொழில் வந்து சேர்ந்ததும் சுற்றுவழியில்தான். மழை குறைந்த பூமி. விவசாயத்தை நம்பி உட்கார முடியாது. பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள், அடுத்த வருடமே சிவகாசியில் தொடங்கினார்கள் என்பது அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகம் இல்லாமலே தெரிந்த கதை. பிறகு இருவரும் தனித்தனியாகப் பிரிந்தபோது ஒருவருக்கு அணில் மார்க், இன்னொருவருக்குக் காக்கா மார்க். தீக்குச்சி எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். வித்தியாசம் காட்ட லேபிள் வேண்டும். பட்டாசு வளர்ந்தபோது லேபிளின் தேவையும் சேர்ந்து வளர்ந்தது (ஸ்டாண்டர்ட் ஃபயர்வொர்க்ஸ் தொடங்கியது 1942-ல்). வெளியூரில் அச்சடித்து வாங்குவதை விட உள்ளூரிலேயே அச்சகம் வைப்பது லாபம் என்று வந்த அச்சகங்கள், லேபிள் போக மிச்ச நேரத்துக்கு வேலை தேடின. காலண்டரும் டைரியும் அப்படிப் பிடித்துக்கொண்ட வேலைகள்.

படத்துக்கும் தூரம் போக வேண்டியிருக்கவில்லை. பக்கத்திலேயே கோவில்பட்டியில் சி. கொண்டையராஜு (1898–1976) இருந்தார். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் சிவகாசியில் அச்சாகித் தமிழ்நாட்டுச் சுவர்களுக்கெல்லாம் போனார்கள். இன்றைக்குக் கண்ணை மூடி முருகனை நினைத்தால் பலருக்கு வரும் முகம் அந்தக் காலண்டர் முகம்தான். கஜ்ரி ஜெயின் என்ற ஆய்வாளர் 2007-ல் இந்தியக் காலண்டர் படங்களைப் பற்றி முழுப் புத்தகமே எழுதினார். கடைக்காரர் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் இந்தக் காலண்டர் விளம்பரமாகவும் இருக்கிறது, வணக்கத்துக்குரிய படமாகவும் இருக்கிறது என்பது அதில் அவர் விரிவாக எடுத்துக்கொண்ட விஷயம். சாமி படம் இருப்பதால் குப்பையில் போட மனசு வராது. கடைக்காரருக்கு இது எவ்வளவு பெரிய லாபம் என்று யோசித்துப் பாருங்கள்!

இதன் செலவுக் கணக்கும் சுவாரசியமானது. படம் வரைவது, பஞ்சாங்கக் கணிப்பு, பிளேட் போடுவது எல்லாம் ஒரு தடவைச் செலவு. அதற்கு மேல் ஒவ்வொரு பிரதிக்கும் தாள், அட்டை, மேலே அடிக்கிற தகரப் பட்டி, கட்டிச் சேர்க்கிற கூலி. அட்டைப் படம் எல்லோருக்கும் பொது, பெயர் மட்டும் ஆளுக்கொன்று. முக்கியமாக, வீட்டுக்குப் போன பிறகு அதை ஒரு நாளைக்கு ஒரு தடவை பார்த்தாலும் ஐம்பது தடவை பார்த்தாலும் அச்சகத்துக்கு ஒரு பைசா கூடுதல் செலவு இல்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வருகிற கதை எளிதாகப் புரியும்.

சரி, குரலுக்கு வருவோம். வாயால் சொன்னால் இன்னொருவர் பட்டியல் எழுதிக்கொள்வதும் விருதுநகர்ப் பக்கம் புதிதல்ல. மிளகாய் வத்தல், பருப்பு, எண்ணெய், மல்லி எல்லாவற்றுக்கும் சந்தை நடக்கிற ஊர் அது. விருதுநகர் மார்க்கெட் நிலவரம் பத்திரிகைகளில் தனியாக வரும். அங்கே மளிகைக் கடைக்குப் போன் போட்டு, "அண்ணாச்சி, எழுதிக்கிடுங்க. துவரம் பருப்பு ரெண்டு கிலோ, நல்லெண்ணெய் ஒரு லிட்டர்..." என்று சொன்னால், கடைப் பையன் பிள்ளையார் சுழி போட்டு எழுதுவான். "சீரகம் போன மாசமே வாங்கலையே, வேண்டாமா?" என்று ஞாபகப்படுத்தவும் செய்வான். குரலைப் புரிந்துகொண்டு பட்டியல் போட்டு விடுபட்டதையும் எடுத்துக் கொடுக்கிற இந்தச் சேவைக்குத் தனிக் கட்டணம் கிடையாது. அது பருப்பு விலையிலேயே இருக்கிறது.

கடைப் பையன் செய்த இதே வேலையைத் தனிச் சேவையாக்கி விற்கலாம் என்று அமெரிக்காவில் சிலருக்குத் தோன்றியது. சியாட்டில் நகரத்தில் ஜாட் என்ற கம்பெனி 2006-ன் கடைசியில் இதைத் தொடங்கியது. ஒரு நம்பருக்குப் போன் செய்ய வேண்டும். யாருக்கு என்று கேட்கும். "எனக்கு" என்று சொல்லிவிட்டு, "நாளை பத்து மணிக்கு பேங்க்" என்று பேசினால் அது எழுத்தாகி மெயிலுக்கும் பட்டியலுக்கும் போய்விடும். ஸ்மார்ட்போன் எல்லோர் கையிலும் இல்லாத காலம். கார் ஓட்டும்போது தோன்றுவதைச் சொல்லிவைக்க வேறு வழி இல்லை. எல்லோரும் பாராட்டினார்கள், இலவசமாக இருந்தவரை.

அதே காலத்தில் வந்த இன்னொன்று ரீக்கால். இது இந்தியத் தொடர்புள்ளது. இதைத் தொடங்கியவர்களில் ஒருவரான சுனில் வேமூரி, எம்.ஐ.டி. மீடியா லேபில் மனிதர்களுக்கு ஞாபகத் துணையாக ஒரு கருவி செய்வது பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்தவர். ஆய்வுக்காகத் தன்னுடைய அன்றாடப் பேச்சையே ஏறக்குறைய இரண்டு வருடம் பதிவுசெய்து, பிறகு அதில் தேடிப் பார்த்தவர். (அவரிடம் பேசியவர்கள் எவ்வளவு ஜாக்கிரதையாகப் பேசியிருப்பார்கள்!) கம்பெனிக்கு கலிஃபோர்னியாவில் ஒரு அலுவலகம், ஹைதராபாத்தில் ஒரு அலுவலகம். பேசினால் பட்டியலில் ஏறும், நேரம் வந்தால் ஞாபகப்படுத்தும். இலவசப் பதிப்பும் உண்டு, 'ப்ரோ' பதிப்பும் உண்டு. ப்ரோவுக்கு மாதம் 2.99 டாலர் அல்லது வருடம் 24.99 டாலர். 2009-ம் வருட மாற்று விகிதத்தில் பார்த்தால் ஏறக்குறைய 1,200 ரூபாய். அந்தப் பணத்துக்கு ஒரு தெருவுக்கே சின்ன சைஸ் காலண்டர் போட்டுவிடலாம்.

ஏன் காசு கேட்க வேண்டி வந்தது? பேராசை என்று சொல்லிவிட முடியாது. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டருக்குப் பேச்சு சரியாகப் புரியாது. சாலைச் சத்தம், உச்சரிப்பு, மனிதர்களின் பெயர்கள் எல்லாவற்றிலும் சறுக்கும். அதனால் கம்ப்யூட்டர் பாதி, மனிதர் பாதி என்று வேலை நடந்தது. சியாட்டிலில் ஒருவர் காரில் பேசியதை இந்தியாவில் யாரோ ஒருவர் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டு டைப் செய்துகொண்டிருந்தார். கடைப் பையன் ஒழிந்துவிடவில்லை, இடம்தான் மாறியிருந்தான்!

சிவகாசிக் கணக்கோடு வேறுபடுவது இங்கேதான். காலண்டரை எத்தனை தடவை பார்த்தாலும் அச்சகத்துக்குச் செலவு இல்லை. குரல் சேவையில் வாடிக்கையாளர் வாயைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் கம்பெனிக்குச் செலவு. சேவை பிடித்துப்போய் ஒருவர் அதிகம் பயன்படுத்தினால் நஷ்டமும் அதிகம். பி.காம். இரண்டாம் வருடத்தில் வருகிற நிலைச் செலவு, மாறும் செலவுப் பாடம்தான். இலவசத் திட்டம் இப்படி எத்தனை நாள் தாங்கும்? ஜாட் 2008 ஆகஸ்டில் கட்டணத் திட்டங்களைக் கொண்டுவந்தது. 2009-ன் தொடக்கத்தில் இலவசத் திட்டத்தை நிறுத்தியது. அதே வருடம் நுவான்ஸ் என்ற பேச்சறி மென்பொருள் கம்பெனி ஜாட்டை வாங்கிவிட்டது.

இங்கிலாந்தில் ஸ்பின்வாக்ஸ் கதை இதைவிட மோசம். குரல் அஞ்சலை எழுத்தாக மாற்றித் தருகிற சேவை அது. கம்ப்யூட்டரின் சாதனை என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தபோது, 2009 ஜூலையில் பி.பி.சி. ஒரு செய்தி வெளியிட்டது. தென்னாப்பிரிக்கா, பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளின் கால் சென்டர்களில் ஆட்கள் உட்கார்ந்து மக்களின் அந்தரங்கச் செய்திகளைக் கேட்டு எழுதுகிறார்கள் என்பது செய்தி. சேவைக்கு மனித உதவி உண்டு என்பதைக் கம்பெனி மறுக்கவில்லை, அளவில்தான் தகராறு. அந்த டிசம்பரில் ஸ்பின்வாக்ஸையும் நுவான்ஸே வாங்கியது, 10.25 கோடி டாலருக்கு.

இப்படிச் சேர்த்த நுவான்ஸின் தொழில்நுட்பம் அடுத்து எங்கே போனது என்பதுதான் கதையின் திருப்பம். சிரி என்ற செயலியை 2010 ஏப்ரலில் ஆப்பிள் வாங்கியது. 2011 அக்டோபரில் ஐபோன் 4எஸ் வந்தபோது சிரி போனுக்குள்ளேயே இருந்தது. அதே சமயத்தில் ரிமைண்டர்ஸ் என்ற டு-டூ லிஸ்ட்டும் முதன்முதலாகப் போனோடு சேர்ந்து வந்தது. பேச்சைப் புரிந்துகொள்கிற வேலையைப் பின்னாலிருந்து செய்தது நுவான்ஸ். "நாளைக்கு அம்மாவுக்குப் போன் பண்ண ஞாபகப்படுத்து" என்று ஆங்கிலத்தில் சொன்னால் போதும், தனிக் கட்டணம் கிடையாது. மாதம் மூன்று டாலர் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இதோடு எப்படிப் போட்டி போடுவது? ரீக்கால் அதற்குப் பிறகும் வேறு வடிவங்களில் முயன்றது. இன்று அந்தச் சேவை இல்லை.

ஆப்பிள் செய்தது தர்மம் இல்லை. போன் விலையில் எடுத்துக்கொண்டது. நகைக்கடைக்காரர் செய்கூலி சேதாரத்தில் காலண்டர் காசை எடுத்துக்கொள்வது போல, அண்ணாச்சி பருப்பு விலையில் எடுத்துக்கொள்வது போல. ஞாபகப்படுத்துவதைத் தனியாக விலை போட்டு விற்றால் ஜனங்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள். மறந்ததால் வந்த நஷ்டம்தான் கண்ணுக்குத் தெரியும். மறக்காமல் இருந்ததன் லாபம் யார் கண்ணுக்கும் தெரியாது. தெரியாத லாபத்துக்கு எப்படிப் பில் போடுவது? பெரிய சரக்கு ஒன்றின் முதுகில் ஏற்றி அனுப்பினால் மட்டுமே இது ஓடுகிறது.

ஆனால் கடைக்காரர் காலண்டரும் கம்பெனிக்காரர் போனும் ஒன்றே என்று விட்டுவிட முடியாது. நகைக்கடை, சுவரில் தன் பெயரை மாட்டிக்கொண்டது, அவ்வளவுதான். அந்த வீட்டில் பால் எத்தனை நாள் வரவில்லை, வட்டிக்காரருக்கு எந்தத் தேதி சொல்லியிருக்கிறது என்பதையெல்லாம் அது எட்டிப் பார்த்ததில்லை. பார்க்கவும் முடியாது. குரல் பட்டியலில் அந்தச் சுவர் இல்லை. சொன்னது அத்தனையும் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் போகிறது. 2019-ல் வரிசையாகச் செய்திகள் வந்தன. ஏப்ரலில் அமேசான் அலெக்சா, ஜூலையில் கூகுள் அசிஸ்டென்ட்டும் ஆப்பிள் சிரியும். மூன்றிலும் ஒரே விஷயம். தரத்தைச் சரிபார்க்க என்று சொல்லி ஒரு பகுதிப் பதிவுகளை ஆட்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆப்பிள் அந்த ஏற்பாட்டை நிறுத்தி மன்னிப்புக் கேட்டது. அது தொடர்பான வழக்கைச் சமரசமாக முடிக்க 9.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டதாக 2025 ஜனவரியில் செய்தி வந்தது. பத்து வருடம் முன்னால் ஸ்பின்வாக்ஸில் ஹெட்போன் மாட்டிக்கொண்டிருந்த அதே ஆள் இங்கேயும் இருந்தார். அப்போது அவர் எழுதுவதற்காகக் கேட்டார், இப்போது மெஷினைத் திருத்துவதற்காகக் கேட்டார்.

இதெல்லாம் ஆங்கிலக் கதை. தமிழில் பேசுகிறவர் இந்த வரிசையில் ரொம்பப் பின்னால்தான் வந்தார். முயற்சியே இல்லை என்று சொல்ல முடியாது. 2000-களின் நடுவிலேயே பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து, திண்டுக்கல் மாவட்டம் செம்பட்டிப் பக்கம் 'தமிழ் மார்க்கெட்' என்று ஒன்றைச் செய்து பார்த்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத விவசாயி வாயால் கேட்டு விலை நிலவரமும் வானிலையும் பயிர்த் தகவலும் தெரிந்துகொள்வதற்கான ஏற்பாடு. மெஷினுக்குச் சில பத்து சொற்கள் புரிந்தால் போதும் என்று சின்னதாக ஆரம்பித்தார்கள். அதிலேயே எவ்வளவு சிக்கல் பாருங்கள். புத்தகத்தில் 'ஐந்து', வாயில் 'அஞ்சு'. புத்தகத்தில் 'ஒன்பது', வாயில் 'ஒம்போது', இன்னும் ஊருக்கு ஒரு விதம். 2006-ல் அந்த ஆய்வு வெளியானது. காசு வசூலிக்கிற சேவையாக அது வளரவில்லை. யாரிடம் வசூலிப்பது? பிறகு 2017 ஆகஸ்டில்தான் கூகுள் தன் குரல் தட்டச்சில் தமிழ் உட்பட எட்டு இந்திய மொழிகளைச் சேர்த்தது. பதினோரு வருடம்!

எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவருக்குத்தான் குரல் பட்டியல் அதிகம் தேவை. திருத்தங்கல் பக்கம் பட்டாசு ஆலைக்குக் காலை வண்டியில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற ஒரு பெண்ணுக்கு மகளிர் குழுத் தவணை, ரேஷன் அரிசி, பிள்ளையின் பள்ளிக் கூட்டம் என்று ஞாபகம் வைக்க வேண்டியது ஏராளம். மாதம் மூன்று டாலர் கொடுக்கக்கூடிய ஆளும் அவர் இல்லை. அவருக்கு வந்து சேர்ந்த குரல் பட்டியல் வாட்ஸப் வாய்ஸ் மெசேஜ்தான். பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, சாயங்காலம் வந்து எடுத்துக்கிடுதேன், பருப்பு ஒரு கிலோ, புளி கால் கிலோ" என்று அனுப்பினால், கடையில் யாரோ அதைக் கேட்டுக் காகிதத்தில் எழுதுகிறார்கள்.

சிவகாசியில் ஆல்பம் இன்னும் ஆடி 18-ல்தான் வெளியாகிறது. காகித விலை ஏற்றத்தையும் செல்போனையும் பற்றி அச்சகக்காரர்கள் புலம்பாத வருடம் இல்லை. முன்பு பெரிய சைஸ் கேட்டவர்கள் சின்ன சைஸ் போதும் என்கிறார்கள், சில கம்பெனிகள் அதையும் நிறுத்திவிட்டு வாட்ஸப்பில் ஒரு வாழ்த்துப் படத்தோடு முடித்துக்கொள்கின்றன. தேர்தல் நெருங்கும் வருடங்களில் கட்சிக்காரர்கள் ஆர்டர் கொடுத்துக் கொஞ்சம் ஈடுகட்டுகிறார்கள். ராகு காலம் பார்க்கச் செயலிகள் வந்துவிட்டன, அவையும் இலவசம்தான், அடியில் விளம்பரம் ஓடும். ஆல்பத்தில் கடைப் பெயருக்காக விட்டிருந்த அந்தக் காலி இடம் போன் திரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. தாள் காலண்டரில் அங்கே வருவது பக்கத்துத் தெருக் கடையின் பெயர். திரையில் எந்தப் பெயர் வர வேண்டும் என்பதை, அந்த வீட்டுக்காரர் நேற்று என்ன தேடினார் என்று பார்த்துத் தீர்மானிக்கிறார்கள்.